ராணுவப் பதிவில் பெயர், பிறந்த தேதி திருத்தியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

குன்னூர்க்காரன்:

அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வயது எண்பதை நெருங்குகிறது. பணி முடிந்து வரும்போது ராணுவம் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் அம்மாவின் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராகவே இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பள்ளிக்கூடத்துப் பெயர். கல்யாணம் முடிந்து லீவிலிருந்து யூனிட்டுக்குத் திரும்பிய அப்பா வாயால் சொன்னதை அங்கிருந்த கிளார்க் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அதற்கப்புறம் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளத்துக்கு மாறி, விவரம் சரிபார்க்கச் சொன்னபோதுதான் வெளியே வந்தது. மனைவி பெயர் ஆதாரோடு ஒட்டவில்லை. அம்மாவின் பிறந்த தேதிக் கட்டம் காலி.

அப்பா இருக்கும்வரை இதனால் பென்ஷனில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. எங்கள் ஊரில் பல வீடுகளில் இதைத் தள்ளிப்போடுவதற்குக் காரணமே அதுதான். குடும்ப ஓய்வூதியத்துக்கு அம்மா எழுதிக்கொடுக்கும் நாளில்தான் "பதிவில் இருப்பவர் நீங்கள்தானா" என்று கேட்பார்கள். ஆமாம் என்று கையெழுத்துப் போட வேண்டிய ஆள் அப்போது இருக்க மாட்டார். அதனால் அவர் தெம்பாக இருக்கும்போதே முடித்துவிடுவது என்று இறங்கினேன்.

"வெலிங்டன் கீழேதானே இருக்கு, நேரில் போய் மாத்திட்டு வா" என்று சொல்லாத ஆளில்லை. வெலிங்டனில் இருப்பது மெட்ராஸ் ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீஸ், அதாவது படைவீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம். அந்த ரெஜிமெண்டில் இருந்தவர்களுக்குத்தான் அங்கே ஃபைல் இருக்கும். பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு, தகவல் தொடர்புக்கான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், வண்டி, இயந்திரம் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத், மெடிக்கல் கோர் என்றால் லக்னோ. விமானப்படைக்கு டெல்லி. அப்பாவின் பிரிவு எது என்பது இங்கே வேண்டாம், வடக்கே ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் தபாலில்தான் நடந்தது.

விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர். அதன் கீழே பதிவில் இப்போது இருப்பது என்ன, இருக்க வேண்டியது என்ன என்று அருகருகே எழுதினோம். கூடவே இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி முன் போட்ட பிரமாணப் பத்திரம், ஆதார் நகல்கள், அம்மாவும் அப்பாவும் சேர்ந்து எடுத்த போட்டோ, ஒரு தமிழ் நாளிதழிலும் ஒரு ஆங்கில நாளிதழிலும் கொடுத்த விளம்பரம். ஊட்டியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினோம்.

கஷ்டம் வந்தது அப்பாவின் கையெழுத்தில்தான். டிஸ்சார்ஜ் புக்கில் அவர் போட்டது வேகமாக இழுத்த இங்கிலீஷ் கையெழுத்து. அந்தப் பக்கம் இங்கத்து ஈரத்தில் பூசணம் பூத்து, முன்பக்கத்தோடு ஒட்டிக் கிடந்தது. அம்மா தோசைத் திருப்பியின் நுனியால் மெதுவாகப் பிரித்தெடுத்தார். இப்போது அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு மாலை முழுக்க எழுதிப் பார்த்தார். கடைசி எழுத்தின் கொக்கி மட்டும் வரவே இல்லை. "ரைஃபிள் பிடிச்ச கைடா இது" என்று அவருக்கே கோபம். கையெழுத்துக்குப் பக்கத்தில் இடது கட்டைவிரல் ரேகையும் வைத்து அனுப்பினோம்.

ஒரு தடவை திரும்பி வந்தது. பிரமாணப் பத்திரத்தில் அம்மா பெயரை டைப் அடித்தவர் ஓரிடத்தில் ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டிருந்தார். பெயரைத் திருத்தக் கேட்கும் காகிதத்திலேயே பெயர் தப்பு! புதிதாக அடித்து மறுபடி அனுப்பினோம். பிறகு பார்ட் டூ ஆர்டர், அதாவது பதிவில் செய்த மாற்றத்தை அறிவிக்கும் உத்தரவு வந்தது. அதை வைத்துத் திருத்திய பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையும் ஸ்பர்ஷில் ஏறிவிட்டது. நீங்களும் எழுதுங்கள்.

கோத்தகிரி மருமகள்:

அண்ணா, பிறந்த தேதிக் கட்டம் காலி என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யாரும் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். என் மாமியார் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். 80 வயது முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூட வர வேண்டும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் இன்னொரு முழுப் பங்கு. மாமியாருக்கு 80 தாண்டியும் எதுவும் ஏறவில்லை. கேட்டால் பி.பி.ஓ.வில் அவருக்குப் பிறந்த தேதியே கிடையாது. தேதி இல்லாதவருக்கு வயது எப்படி ஏறும்?

பள்ளிக்கூடம் போகாதவர். இருந்தது வாக்காளர் அட்டையும் ஆதாரும். ஆதாரில் ஜனவரி 1. எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) அந்த வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு ஜனவரி 1-தான் பிறந்தநாள், ஹெத்தை ஹப்பா திருவிழாவும் புத்தாண்டும் கூட்டுப் பிறந்தநாளும் ஒன்றாகவே வந்துவிடும். இரண்டு அட்டையிலும் வருடம் ஒன்றாக இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள். நிலுவையோடு வந்தது. மாமியார் முதலில் செய்த செலவு வெந்நீருக்கு கீஸர்.

ஓய்வு சுபேதார், அருவங்காடு:

மனைவி, பிள்ளைகள் விவரம் திருத்துவது வேறு. நம்முடைய சொந்தப் பிறந்த தேதி வேறு. சேரும்போது எழுதிக்கொடுத்த தேதியை ஓய்வுக்குப் பிறகு மாற்றித் தர மாட்டார்கள். அதை வைத்துத்தான் சேர்த்தார்கள், அதை வைத்துத்தான் அனுப்பினார்கள். இதற்காக வக்கீலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பதிவில் உள்ள தேதிக்கு ஏற்ப ஆதாரில் உள்ள தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள், பெயரை இரண்டு முறை. இ-சேவை மையத்துத் தம்பி அவசரத்தில் தட்டிவிடுவதற்கு முன்னால் திரையை நீங்களே ஒரு தடவை வாசியுங்கள்.

கூடலூர்:

எங்கள் வீட்டுக் கதை பெயரோ தேதியோ இல்லை, விலாசம். தாத்தா 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர். டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. சித்தப்பா ராணுவத்தில் சேர்ந்தபோது நிரந்தர முகவரி என்று தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டைத்தான் எழுதினார், வேறு எதை எழுதுவது? தாத்தா வேலையிலிருந்து நின்றதும் லயத்தைக் காலி செய்தாகிவிட்டது. ரெக்கார்ட்ஸிலிருந்து வரும் தபாலெல்லாம் அந்தப் பழைய லயத்துக்குப் போய் "ஆள் இல்லை" என்று திரும்பியிருக்கிறது. சித்தப்பாவுக்கோ தனக்கு ஒரு கடிதமும் வருவதில்லை என்று வருத்தம். முகவரி மாற்றத்துக்குப் பிரமாணப் பத்திரம்கூடக் கேட்கவில்லை, ஆதார் நகலும் விண்ணப்பமும் போதுமாக இருந்தது. ஆனால் அதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் பதில் உங்கள் கைக்கு வராது. பெயர் திருத்தப் போகிறவர்கள் முதலில் விலாசத்தைப் பாருங்கள்.

கேத்தி:

குன்னூர் அண்ணாவிடம் ஒரு சந்தேகம். என் அப்பா காலமாகிவிட்டார். அம்மா பெயர் பிசகு அப்போதே தெரிந்து ஏதோ எழுதிப்போட்டார் என்று அம்மா சொல்கிறார். பதில் வந்ததா, ஆர்டர் போட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் புக் மட்டும் இருக்கிறது.

குன்னூர்க்காரன்:

தம்பி, அப்பா எழுதிப்போட்டிருந்தால் ஃபைலில் இருக்கும். அம்மா பெயரில் அவருடைய ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 10 ரூபாய் கட்டணம். கணவர் பதிவில் மனைவி விவரம் தொடர்பாக வெளியான பார்ட் டூ ஆர்டர் நகல் வேண்டும் என்று அதை மட்டும் கேளுங்கள். "என் பெயரை மாற்றித் தரவும்" என்று அதே தாளில் சேர்க்காதீர்கள், அது வேறு விண்ணப்பம். இறப்புச் சான்றும், அம்மாதான் மனைவி என்று காட்ட ஏதாவது ஒரு காகிதமும் சேர்த்து வையுங்கள்.

ஆர்டர் வெளியாகியிருந்தால் பாதி வேலை முடிந்தது, அந்த நகலை வைத்துத் திருத்திய பி.பி.ஓ. கேட்கலாம். வெளியாகவில்லை என்றால் அம்மா பெயரில் புதிதாகத் தொடங்க வேண்டும். ஊட்டி ஆபீஸில் விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தருவார்கள், மழை விட்ட ஒரு நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டக் கார்டு, கேண்டீன் கார்டு இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். திருத்திய பி.பி.ஓ. கைக்கு வந்த பிறகு அதைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம்.