புதுப்பிப்பு: முந்திரி ஒவ்வாமை உள்ள மகளை ஹோட்டலுக்கு அழைத்துப் போனோம்

ஆறு வயது மகளுக்கு முந்திரி, பிஸ்தா இரண்டுமே ஆகாது, வெளியே எப்படிச் சாப்பிட வைப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கோயம்புத்தூரில் மூன்று சைவ ஹோட்டல்களுக்குப் போனோம். ரொம்பக் கைகொடுத்தது, முந்திரி, பிஸ்தா ஆகாது என்று தமிழிலும் இந்தியிலும் எழுதிய அட்டையைக் காட்டும் யோசனைதான். பரிமாறியவர்களில் பலர் வடமாநிலத்தவர்கள். 'காஜு' என்று படித்ததும் புரிந்துகொண்டார்கள். கூட்டம் சேருமுன் பதினொன்றரைக்கே போனதால் மாஸ்டரோடும் நிதானமாகப் பேச முடிந்தது.

எதிர்பாராதது ஒன்று. முதல் ஹோட்டலில் "குருமாவுல முந்திரி இல்லைங்க" என்றார் சர்வர். அவர் நினைத்தது முழுப் பருப்பை. மாஸ்டரைக் கேட்டால், அரைத்து ஊற்றுகிறார்களாம்! எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதனால் "போடுவீங்களா?" என்பதோடு நிறுத்தாமல், "அரைச்சு ஊத்துவீங்களா?" என்றும் கேளுங்கள். பொங்கலில் பொறுக்கி எடுத்துத் தருகிறோம் என்றால் வேண்டவே வேண்டாம், முந்திரி வறுத்த நெய் அதிலேயே கலந்திருக்கும். சில இடங்களில் ரவா தோசையிலும் முந்திரி உண்டு. அதே கல்லில்தான் சாதா தோசையும் வார்க்கிறார்கள்.

கடைசியில் இட்லியும் சாம்பாரும்தான். முந்திரி அரைக்கும் அதே மிக்ஸி என்பதால் சட்னியைத் தவிர்த்தோம். டாக்டர் கொடுத்த அவசர மருந்து பையிலேயே இருந்தது, தேவைப்படவில்லை. மூன்று இட்லி சாப்பிட்டாள், அப்புறம் இன்னொன்றும் கேட்டாள்.