அக்வா: எஞ்சின்தானே பற்றரிக்கும் சார்ஜ் ஏத்துது, பிறகென்ன மிச்சம்?

கோண்டாவில்_பெடியன்:
அண்ணைமாருக்கு வணக்கம். போன மாசம் 2013ஆம் ஆண்டு ரொயோட்டா அக்வா ஒண்டு வாங்கினனான், பெற்றோல் எஞ்சினும் கரண்ட் மோட்டரும் சேந்த ஹைபிரிட் கார். அதுக்கு முன்னம் அப்பாவின்ர பழைய கொறோலாதான். ரவுணுக்குள்ள லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினாலே புண்ணியம். இது 21 காட்டுது. கஸ்தூரியார் வீதியில சனத்துக்குள்ள ஊர்ந்து போனாலும் பெரிசாக் குறையேல்லை.

அப்பாதான் நம்புறார் இல்லை. “இதை வயரில குத்திச் சார்ஜ் ஏத்துறேல்லை. உள்ள போறது பெற்றோல் மட்டும். பற்றரிக்கும் எஞ்சின்தான் கரண்ட் குடுக்குது. இடது பொக்கற்றில இருந்து எடுத்து வலது பொக்கற்றில போட்டாக் காசு கூடுமோ?” எண்டு கேக்கிறார். எனக்கு மறுமொழி வரேல்லை. ஆராவது விளங்கப்படுத்துங்கோ.

மானிப்பாய்_கராஜ்:
தம்பி, அப்பா கேட்டது நல்ல கேள்வி. முழுச் சக்தியும் பெற்றோலில இருந்துதான் வருது. ஆனா பொக்கற்றில ஓட்டை இருந்ததை அவர் கணக்கில எடுக்கேல்லை.

கார் ஆக்களோட ஏறக்குறைய 1200 கிலோ. மணிக்கு 60 கிலோமீற்றரில போய் நிப்பாட்டினால், அந்த ஓட்டத்தில இருந்த 167,000 யூல் மட்டில சக்தி போயிடும். அதை உண்டாக்கச் சாதாரண எஞ்சினுக்கு 20 மில்லிலீற்றர் பெற்றோல் வேணும். பாணி மருந்துக் கரண்டியால நாலு. கொறோலாவில ஒவ்வொரு சந்தியிலயும் அது பிறேக்கைச் சூடாக்கிப்போட்டுக் காத்தோட போகுது. அக்வாவில பிறேக்கில கால் வைச்ச உடன மோட்டர் டைனமோவா மாறும். தொண்ணூறுகளில கரண்ட் இல்லாத காலம் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில றேடியோ கேட்டனாங்கள் எல்லோ? சில்லுச் சுத்தக் கை நொந்ததை அப்பாவுக்கு ஞாபகப்படுத்துங்கோ. அந்தப் பாரந்தான் இஞ்ச காரை நிப்பாட்டுது. வாற கரண்ட் பற்றரிக்குப் போகுது. முழுக்கத் திரும்பாது, ஆனா நல்ல பங்கு திரும்பும். சடாரெண்டு அமத்தினால் சாதாரண பிறேக்தான் கூட வேலை செய்யும், ஆனபடியால் தூரத்திலயே மெல்ல அமத்துங்கோ.

மற்றது எஞ்சின். சும்மா நிக்கிறதும் ஊர்ந்து போறதும்தான் எந்தப் பெற்றோல் எஞ்சினுக்கும் கேடு. குடிக்கிறது கூட, செய்யிற வேலை குறைவு. அக்வா அந்த நேரம் எஞ்சினை நூத்துப்போட்டு மோட்டரில போகும். எஞ்சின் எழும்பினால் தனக்குத் தோதான பாரத்தில ஓடி, மிஞ்சினதைப் பற்றரிக்குக் குடுக்கும். அந்த 1.5 லீற்றர் எஞ்சினே வேற மாதிரி. காத்தும் பெற்றோலும் உள்ள வாற வால்வு பிந்தித்தான் மூடும். அதால உள்ள வந்ததை அமுக்கச் செலவு குறைவு, எரிஞ்சு விரியேக்க வாற தள்ளு முழுசாக் கிடைக்கும். அற்கின்சன் சுற்று எண்டுறது இதைத்தான். தனிய விட்டால் இழுவை காணாது. அந்தக் குறையை மோட்டர் மறைக்குது.

பற்றரியைப் பெரிசா நினையாதேங்கோ. 144 வோல்ட், ஆனா கொள்ளளவு கரண்ட் பில்லில ஒரு யூனிட் கூட வராது. அள்ளி வைக்கிறதும் உடன செலவழிக்கிறதும்தான் அதின்ர வேலை.

வவுனியா_ஓட்டம்:
ரவுணுக்குச் சரி. ஏ9 நெடுஞ்சாலையில ஒரே சீராப் போனால் பிறேக்கும் இல்லை, திரும்பி வாறதும் இல்லை. 90க்கு மேல மிதிச்சால் காத்தோட மல்லுக்கட்டத்தான் பெற்றோல் போகுது. நான் கிழமைக்கு ரெண்டுதரம் போய்வாறனான், ரவுணில இருந்த வித்தியாசம் அங்க இல்லை. நெடுந்தூரம் மட்டும் ஓடுறவை இதை நம்பிக் காசைக் கொட்டாதேங்கோ.

இன்னொண்டு. சந்தியில நிக்கேக்க நியூற்றலில போடாதேங்கோ. நியூற்றலில பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது. ஏசி பற்றரியில ஓடுறதால இருக்கிறதும் இறங்கும்.

மானிப்பாய்_கராஜ்:
ஓம், அது முக்கியம். பின் சீற்றடியில பக்கமா ஒரு காத்து வழி இருக்கும், பற்றரியைக் குளிராக்கிற காத்தாடிக்கு. அதை மறைச்சுச் சாமான் வைக்கப்படாது. எங்கட புழுதிக்கு அடிக்கடி துப்பரவாக்க வேணும். ஆனா செம்மஞ்சள் வயர் எதிலயும் கை வைக்காதேங்கோ.

கோண்டாவில்_பெடியன்:
பாத்தன் அண்ணை. புழுதியோட கச்சான் கோதும் ஒரு பிள்ளையின்ர கிளிப்பும் வந்தது.

அப்பாவிட்ட நாலு கரண்டிக் கணக்கையும் றேடியோக் கதையையும் சொன்னன். கன நேரம் யோசிச்சுப்போட்டு, “அப்ப முன்னுக்குப் பாத்துப் பிறேக்கே அமத்தாமல் ஓடினால் அதைவிட மிச்சமெல்லோ?” எண்டு கேக்கிறார்.

மானிப்பாய்_கராஜ்:
அது சரிதான் தம்பி. காரை அவரிட்டக் குடுத்துப் பாருங்கோ.