கணக்குல 96, கெமிஸ்ட்ரில 49: தம்பிக்கு எந்தெந்த காலேஜ் போடறது?

குடியாத்தம் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆச்சு. மார்க் ஷீட்டைப் பார்த்தா ரெண்டு பசங்க எழுதின பரீட்சையை ஒரே பேப்பர்ல அடிச்ச மாதிரி இருக்கு. தமிழ் 78, இங்கிலீஷ் 52, கணக்கு 96, பிசிக்ஸ் 54, கெமிஸ்ட்ரி 49, கம்ப்யூட்டர் சயின்ஸ் 91. மொத்தம் 420. பத்தாவதுல இதே பையன் 462.

கெமிஸ்ட்ரிக்கு ஒரு காரணம் இருக்கு. அவன் பள்ளிக்கூடத்துல டிசம்பர் வரைக்கும் அந்த வாத்தியார் போஸ்ட் காலி. பிராக்டிகலும் இன்டர்னலும் சேர்த்து 29 போட்டுட்டாங்க, தியரில 70க்கு வெறும் 20. பிசிக்ஸுக்கு அந்த சாக்கு சொல்ல முடியாது. நைனாவுக்கு முதுகு போனதுலருந்து விடியக்காலைல தறியில உக்காந்தது தம்பிதான். எட்டரைக்கு லுங்கியை மடிச்சு வெச்சுட்டு ஓடுவான். முதல் பீரியட் பிசிக்ஸ். தூங்கிடுவான்.

இப்போ எங்க ஊர் அம்மன் கோயில் சிரசு திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரங்க ஆளுக்கொரு காலேஜ் சொல்லிட்டுப் போயிட்டாங்க. பெரியப்பா, விஐடி பக்கத்துல இருக்கறப்போ வேற எங்க போறதுன்றாரு. சித்தி, ஏதோ ஒரு காலேஜ் பஸ் நம்ம தெரு முனைக்கே வருதுன்றாங்க. பஸ் வருதுன்னு ஒரு காலேஜைச் சேர்றதா? அம்மா பீடி சுத்திகினே, "எதுலயாச்சும் சீக்கிரம் சேத்துடுடி"ன்றாங்க.

நான் பிளஸ் டூவோட நின்னுட்டேன், ஷூ கம்பெனில அப்பர் தைக்கறேன். வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்சவங்க யாரும் இல்ல. வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து 40 ஆயிரத்துக்கு மேல எங்களால முடியாது. அவனுக்கு கம்ப்யூட்டர்தான் வேணுமாம். நாங்க பிசி, அதாவது பிற்படுத்தப்பட்ட வகுப்பு. இந்த மார்க்குக்கு எந்தெந்த காலேஜ் போடலாம், எத்தனை போடலாம், எதை முதல்ல போடணும்? நிஜத்தைச் சொல்லுங்க, ஆறுதல் வேணாம்.

பாகாயம் சிவில்:

சகோதரி, நான் பாகாயத்துல தந்தை பெரியார் அரசு இன்ஜினியரிங் காலேஜ்ல சிவில் படிச்சவன். எனக்கும் இங்கிலீஷ், கெமிஸ்ட்ரி ரெண்டும் ஊத்திகிச்சு, அதனால எழுதறேன்.

முதல்ல விஐடியை எடுத்துடுங்க. அரசு கவுன்சிலிங்குக்குள்ள அது வர்றதே கிடையாது. தனி நுழைவுத் தேர்வு, இந்த வருஷத்துக்கு முடிஞ்ச கதை. பெரியப்பா காட்பாடி போறப்போ அந்த காம்பவுண்டு சுவரைப் பாத்திருப்பாரு, அவ்வளவுதான்.

கட்-ஆஃப் போடுங்க, இன்ஜினியரிங் சீட்டுக்கு 200க்குப் பாக்கற மார்க் அது. கணக்கு நூத்துக்கு நூறா அப்படியே, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதி பாதி. 96, 27, 24.5. மொத்தம் 147.5. மூணு பாடத்தையும் சமமா எடுத்திருந்தா 132 சொச்சம்தான் வந்திருக்கும். கணக்கு பதினஞ்சு மார்க் தூக்கி விட்டிருக்கு. தம்பிகிட்ட இதைச் சொல்லுங்க, பையன் இடிஞ்சு போயிருப்பான்.

போன வருஷம் எந்த காலேஜ் எந்த மார்க்ல முடிஞ்சதுன்னு கவுன்சிலிங் வெப்சைட்லயே கிடைக்கும். ஆனா மார்க்கை மட்டும் பாக்காதீங்க. ஒரு வருஷம் பேப்பர் சுலபமா வந்தா எல்லாருக்கும் கட்-ஆஃப் ஏறிடும், 147க்கு இருந்த மதிப்பு மாறிடும். ரேங்க் லிஸ்ட் வந்ததும் அவனோட பிசி ரேங்கை எடுத்துக்கோங்க. மூணு வருஷத்துல பிசில கடைசியா சீட் வாங்கினவங்க ரேங்க் எது, அதோட ஒப்பிடுங்க.

அரசு காலேஜ்ல கம்ப்யூட்டர் கஷ்டம்ங்க, மறைக்க மாட்டேன். ஆனா பாகாயம், பர்கூர், சேலம் மூணு அரசு காலேஜும், ஆரணில அண்ணா யுனிவர்சிட்டி நேரடியா நடத்தற காலேஜும் இருக்கு. இதுங்கள்ல சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் எதெது அந்த ரேங்குக்குப் பக்கத்துல வருதுன்னு தேடுங்க. ஃபீஸ் உங்க 40 ஆயிரத்துக்குள்ள அடங்கும்.

அப்புறம் அரசுப் பள்ளி 7.5 சதவீத இடஒதுக்கீடு? அதுல போனா டியூஷன், ஹாஸ்டல் எல்லாமே அரசாங்கம் கட்டிடும். அதை ஏன் நீங்க எழுதவே இல்ல?

உறுதி சீட்:

கட்-ஆஃப் கவலை வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் 100% உறுதி. அட்வான்ஸ் 10 ஆயிரம் மட்டும். இன்பாக்ஸ் வரவும்.

குடியாத்தம் அக்கா:

@உறுதி சீட், ஃபீஸை இங்கயே எழுதுங்க, எல்லாரும் பாக்கட்டும்.

@பாகாயம் சிவில் அண்ணே, ரொம்ப நன்றி. அந்த பதினஞ்சு மார்க் விஷயத்தை அவன்கிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசல, ஆனா ராத்திரி உக்காந்து சாப்பிட்டான்.

7.5 கிடைக்காதுண்ணே. ஆறு, ஏழு, எட்டு மூணும் தனியார் பள்ளிக்கூடம். தறி நல்லா ஓடின காலம், நைனா ஆசைப்பட்டு சேத்தாரு. கொரோனாவுல ஃபீஸ் கட்ட முடியாம ஒன்பதாவதுக்கு அரசுப் பள்ளிக்கு மாத்தினோம். ஆறாவதுலருந்து இருக்கணுமாமே. மாசம் ஆயிரம் ரூபா தர்ற தமிழ்ப் புதல்வனுக்கும் அதே விதியாம். மூணு வருஷம் கஷ்டப்பட்டு கட்டின ஃபீஸ் இப்போ குறுக்க வந்து நிக்குது.

கரும்பலகை:

கலைக் கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். இருபது வருஷமாக அட்மிஷன் மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மார்க் ஷீட்டை ஒவ்வொரு வாசலிலும் வேறு வேறு தராசில் நிறுக்கிறார்கள் அம்மா. ஏற்ற இறக்கமாக மார்க் வாங்கின பிள்ளைக்கு எந்தத் தராசு சாதகம் என்று முதலில் பார்க்க வேண்டும். இன்ஜினியரிங் தராசில் அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் 91 ஏறவே இல்லை, கவனித்தீர்களா? அரசு கலைக் கல்லூரி ஆன்லைன் விண்ணப்பத்தில் மொழிப் பாடம் இரண்டையும் தள்ளிவிட்டு, மற்ற நான்கையும் 400க்குக் கூட்டுவார்கள். அவனுக்கு 290. இங்கிலீஷ் 52 பற்றி அங்கே யாரும் கேட்கப்போவதில்லை, 91 உள்ளே வந்துவிடுகிறது.

உங்கள் ஊரிலேயே அரசு திருமகள் மில்ஸ் கல்லூரி. வேலூரில் முத்துரங்கம். இரண்டிலும் கணக்கு, கம்ப்யூட்டர் இரண்டையும் போடுங்கள். ஊரிசு, வாணியம்பாடி இஸ்லாமியா, திருப்பத்தூர் தூய நெஞ்சம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே கவுன்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எய்டட் சீட்டா, செல்ஃப் ஃபைனான்ஸா?" எய்டட் என்றால் அரசு உதவி பெறுவது, செல்ஃப் ஃபைனான்ஸ் என்றால் கல்லூரி தன் கட்டணத்தில் நடத்துவது. ஒரே கட்டடம், ஒரே பாடம், ஃபீஸ் மட்டும் வேறு. கேட்காமல் பணம் கட்டிவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்ஜினியரிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதல் வருஷத்திலேயே பிசிக்ஸும் இருக்கிறது, கெமிஸ்ட்ரியும் இருக்கிறது. 70க்கு 20 எடுத்த பையன் எந்தக் கிளைக்குப் போனாலும் அந்த இரண்டையும் தாண்டித்தான் ஆக வேண்டும். வாத்தியார் இல்லாமல் வந்த 20 என்றால் சமாளிப்பான். பாடமே பிடிக்காமல் வந்த 20 என்றால் அரியர் சேரும். இதை அவனிடம்தான் கேட்க வேண்டும், நாம் முடிவு செய்ய முடியாது.

பி.எஸ்சி. கணக்கு முடித்தால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி, கம்ப்யூட்டர் மேற்படிப்பான எம்சிஏ போகலாம். ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. படிக்கலாம். இன்ஜினியரிங் ஆசை அப்போதும் விடவில்லை என்றால் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் வருஷம் பி.இ. சேரலாம், பாலிடெக்னிக் பசங்க மட்டும்தான் என்று பலரும் தப்பாக நினைக்கிறார்கள். இன்னொரு தராசும் உண்டு: சென்னை ஐஐடி நடத்தும் பி.எஸ். டேட்டா சயின்ஸ். பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம் தருவதில்லை. நான்கு வாரப் பாடத்தை வீட்டிலிருந்தே படித்து, தகுதித் தேர்வை நேரில் போய் எழுத வேண்டும். வருமானத்தைப் பொறுத்து கட்டணச் சலுகை உண்டு. திருமகளில் கணக்கு படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம்.

விடைத்தாள் நகல் கேட்க இன்னும் ஓரிரு நாள்தான் இருக்கும். கெமிஸ்ட்ரிக்கு வாங்குங்கள், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மார்க் ஏறினால் கட்-ஆஃபில் ஒன்று.

குடியாத்தம் அக்கா:

மேடம், நீங்க சொன்ன அந்தக் கேள்வியை அவன்கிட்ட கேட்டேன். "பாடம் புடிக்கலையா, வாத்தியார் இல்லையா?" ரொம்ப நேரம் கழிச்சு, "ஜனவரில வந்த சார் நடத்தின ரெண்டு பாடம் மட்டும் எனக்குத் தெரியும்க்கா, பரீட்சைல எழுதினது அதைத்தான்"ன்னான். கேட்டு வெச்சிருந்தா நான் டிசம்பர்லயே டியூஷன் சேத்திருப்பேன்.

ஷூ டப்பா மூடியை வெட்டி அவன் ஒரு லிஸ்ட் எழுதியிருக்கான். இன்ஜினியரிங் மட்டும்: முதல்ல பஸ் வர்ற அந்த தனியார் காலேஜ்ல சிவில், ரெண்டாவது வேற ஒரு தனியார்ல மெக்கானிக்கல், மூணாவது பாகாயம் எலக்ட்ரிகல், நாலாவது பர்கூர் மெக்கானிக்கல், கடைசில பாகாயம் கம்ப்யூட்டர். ஏன்டா இப்படின்னா, கிடைக்கறதை முதல்ல போட்டாதானே சேஃப்ன்றான். சரியா அண்ணே?

பாகாயம் சிவில்:

ஐயோ, தலைகீழா இருக்கு! நானும் அப்போ இதே தப்பைத்தான் பண்ணப் பாத்தேன், சீனியர் ஒருத்தர் தடுத்தாரு.

மெஷின் மேலருந்து கீழ படிச்சுட்டு வரும். அவன் ரேங்குக்கு முதல்ல எது காலியா இருக்கோ அதைக் குடுத்துட்டு அங்கயே நின்னுடும். தனியார் சிவில் முதல்ல இருந்தா அதான் கிடைக்கும். பாகாயத்துல எலக்ட்ரிகல் காலியா இருந்தாலும் மெஷின் அதுவரைக்கும் வராது. ஆசைப்படறது எதுவோ அதை உச்சில போடுங்க. கிடைக்கலன்னா சும்மா அடுத்ததுக்கு இறங்கிடும், நஷ்டம் எதுவும் இல்ல. ஒரு அபராதமும் கிடையாது.

பாதுகாப்பு எங்க இருக்குன்னா, லிஸ்டோட நீளத்துல. அஞ்சு பத்தாது, நாப்பது அம்பது போடுங்க, இத்தனைதான்னு வரம்பு ஒண்ணும் கிடையாது. தனியாரை அரசுக்குக் கீழ வரிசையா அடுக்குங்க. அதுக்கு முன்னாடி அண்ணா யுனிவர்சிட்டி ஒவ்வொரு செமஸ்டருக்கும் வெளியிடற பாஸ் சதவீதத்தைப் பாருங்க. நூத்துக்கு இருபது பேர் பாஸாகற காலேஜ் பஸ் வீட்டுக்குள்ளயே வந்தாலும் வேணாம். சேர மாட்டோம்னு தெரிஞ்சதை லிஸ்ட்லயே வெக்காதீங்க, வந்துட்டா அதான் உங்க சீட்.

முதல் பட்டதாரி சர்ட்டிஃபிகேட் எடுத்தீங்களா? இ-சேவைல போட்டு தாசில்தார் ஆபீஸ்லருந்து வரணும், நாளாகும். தனியார்ல கவுன்சிலிங் சீட் கிடைச்சாலும் ஃபீஸ் குறையும்.

முக்கியமா ஒண்ணு. சீட் ஒதுக்கினதும் கெடுக்குள்ள பதில் சொல்லணும்: இது போதும்னோ, இதை வெச்சுகினு மேல கிடைச்சா மாத்திக்கறேன்னோ. ஓடிபி வரும். போனைப் பாக்காம விட்டா சீட் போயிடும். யார் நம்பர் குடுக்கறீங்க?

கரும்பலகை:

கலைக் கல்லூரி சேர்க்கை முன்னாலேயே முடிந்துவிடும், இன்ஜினியரிங் ஜூலை, ஆகஸ்ட் வரை இழுக்கும். ஒரு சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருங்கள், தப்பில்லை. டிசி, மார்க் ஷீட் ஒரிஜினல் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பத்து நகல் எடுத்து வையுங்கள்.

குடியாத்தம் அக்கா:

இன்னைக்கு அரை நாள் பர்மிஷன் போட்டேன். பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி நகலுக்கு எழுதிக் குடுத்தாச்சு. அங்கருந்து இ-சேவை. முதல் பட்டதாரிக்கு வீட்டுல யார் யார் என்ன படிச்சாங்கன்னு எழுதணும். என் பேருக்கு நேரா பன்னிரண்டாம் வகுப்புன்னு எழுதறப்போ அந்தப் பொண்ணு, "நீங்க டிகிரி முடிச்சிருந்தா இது கிடைக்காதுக்கா"ன்னா. நல்லவேளைன்னு சிரிச்சுட்டு வந்துட்டேன்.

திருமகள் மில்ஸ்ல கணக்கும் கம்ப்யூட்டரும், முத்துரங்கத்துலயும் அதே ரெண்டும் போட்டாச்சு. ஊரிசு அப்ளிகேஷன் வாங்க சனிக்கிழமை போறோம், எய்டடான்னு தம்பியே கேக்கறேன்னான். இன்ஜினியரிங் லிஸ்ட் ரேங்க் வந்ததும்தான். அதுவரைக்கும் டப்பா மூடியைத் திருப்பி மறுபடி எழுதிட்டிருக்கான். முதல் வரி பாகாயம் கம்ப்யூட்டர்.

போன் விஷயம் நல்லா கேட்டீங்கண்ணே. என் நம்பர்தான் குடுக்க இருந்தேன். கம்பெனில உள்ள போறப்போ போனை லாக்கர்ல வெச்சுடணும், சாயங்காலம் ஆறுக்குதான் கையில வரும். அவன் நம்பரையே குடுத்தோம். ஆடி முடியற வரைக்கும் ரீசார்ஜ் பண்ணிட்டேன்.