மூன்றெழுத்து யானை

குறுக்கெழுத்துப் புதிரில் குறிப்பு ஒரே சொல்தான்: 'யானை (3)'. பார்த்தவுடன் பேனாவாலேயே களிறு என்று எழுதிவிட்டேன். அரை மணி நேரம் கழித்தும் அந்த மூலையில் மேலிருந்து கீழ் வரும் சொல் ஒன்றுகூட அமையவில்லை.

சரி, களிறு ஆண் யானைதானே, பொதுப்பெயராக இருக்கும் என்று வேழம் போட்டுப் பார்த்தேன். கயம்? நாகம்கூட யானையைக் குறிக்கும். தும்பி, தந்தி, கைம்மா என்று ஓரத்தில் எழுத எழுதப் பட்டியல் நீண்டது. ஒரு பொருளுக்கு இத்தனை பெயர்களை நம் நிகண்டுகள் சேர்த்து வைத்திருப்பதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. அன்று அதுவே திகைக்க வைத்தது.

அப்புறம்தான் கட்டங்களை ஒழுங்காகப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தின் மூலையில் ஓர் எண். அப்படியென்றால் அங்கிருந்து கீழ்நோக்கி வேறொரு சொல் தொடங்குகிறது. தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலாக வந்துவிடாதே! புள்ளி வைத்த மெய் முதலில் வராது என்பது தொல்காப்பியம் சொன்ன விதி. வேழம், கயம், நாகம் மூன்றும் போயின. 'று'வில் எந்தச் சொல்லும் தொடங்காது, களிறும் போயிற்று. மிச்சம் தும்பி, தந்தி, கைம்மா. கீழே போகும் சொல்லுக்குக் குறிப்பு 'விட்டு விலகுதல் (3)'. பிரிவு! தும்பி என்றால் வண்டு என்றே பழகிப்போன எனக்கு, அந்தச் சொல்லில் யானை வந்து நின்றபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இப்போதெல்லாம் பல விடை வரும் குறிப்பு என்றால், கடைசிக் கட்டத்தில் எண் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

*

எனக்கு வேறு மாதிரி நடந்தது ஐயா. குறிப்பு 'வேலை (3)'. கடமை என்று எழுதினேன். முதல் இரண்டு கட்டங்களைக் கடக்கும் சொற்கள் அருமையாகப் பொருந்தின, அதனால் துளியும் சந்தேகம் வரவில்லை. மூன்றாவதை மட்டும் 'வளம் (4)' என்ற குறிப்பு கடந்தது. முதல் எழுத்து செ, கடைசி இரண்டும் வ, ம். செல்வம் என்று கண் முன்னே தெரிகிறது, ஆனால் என் 'மை' நடுவில் உட்கார்ந்திருக்கிறது! வேலை என்றால் கடல் என்றும் பொருள் உண்டு என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. க, ட இரண்டும் சரி, கடைசி எழுத்து மட்டும் ல். பாதி சரியான விடை முழுத் தவறைவிட அதிக நேரம் ஏமாற்றும்.

*

இந்தப் பேச்சில் 1996 நவம்பர் 5 புதிரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று அமெரிக்க அதிபர் தேர்தல்; கிளிண்டனும் பாப் டோலும் போட்டியிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் குறுக்கெழுத்தில் நாளைய தலைப்புச் செய்தி என்ன என்று ஒரு குறிப்பு. கிளிண்டன் என்றாலும் பாப் டோல் என்றாலும் ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, இரண்டுமே பொருந்தும். குறுக்கே வந்த ஏழு சொற்களுக்கும் இரண்டிரண்டு விடை. ஹாலோவீன் நாளின் கறுப்பு விலங்கு எது என்றால், பூனை (CAT) என்று எழுதினால் C-யில் தொடங்கும் கிளிண்டன், வௌவால் (BAT) என்று எழுதினால் B-யில் தொடங்கும் பாப் டோல். அமைத்தவர் ஜெரமையா ஃபாரல் என்ற கணிதப் பேராசிரியர். இரண்டு விடையும் சரியாக இருக்கும்படி ஒரு குறிப்பை அமைப்பதைவிடக் கடினமான வேலை இந்தக் கலையில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தேர்தல் முடிவதற்குள் வென்றவரை எப்படி அறிவிக்கலாம் என்று பலர் நாளிதழைக் கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டார்கள். தாங்கள் எழுதிய பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயரும் அதே கட்டங்களில் இருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை.