இன்பாக்ஸில் பழைய மெயில்கள் தானாகக் காணாமல் போகின்றன, போனிலும் வெப்மெயிலிலும்: உதவி தேவை

கரூர்த்தறி:
வணக்கம் நண்பர்களே. சிறிய ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் சொந்த டொமைனில் ஒரு மெயில் ஐடி. அதை என் ஆண்ட்ராய்டு போனிலும் போட்டிருக்கிறேன், தேவைப்பட்டால் பிரவுசரில் வெப்மெயிலும் திறப்பேன். கொஞ்ச நாளாக இரண்டு வாரத்துக்கு முந்தைய மெயில்கள் போனில் இருப்பதில்லை. எங்களிடம் துணி வாங்கும் பயர் அனுப்பிய அளவுப் பட்டியல் இருந்த மெயில் போன வாரம் கண்ணெதிரே இருந்தது, இப்போது இல்லை. அதை வைத்துத்தான் பேக்கிங் போட வேண்டும். குப்பையிலும் ஸ்பாமிலும் தேடிவிட்டேன். பாஸ்வேர்டை மாற்றியும் நிற்கவில்லை. யாராவது உள்ளே புகுந்து அழிக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

தென்றல்72:
போன் ஆப்பில் எத்தனை நாள் மெயிலை இறக்க வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும். அது இரண்டு வாரம் என்று இருந்தால் பழையவை போனில் தெரியாது, சர்வரில் பத்திரமாக இருக்கும். அதைக் கூட்டிப் பாருங்கள்.

கரூர்த்தறி:
பார்த்தேன் அண்ணா. 'எல்லாம்' என்று வைத்தும் வரவில்லை. வெப்மெயிலில் பார்த்தாலும் அதே இரண்டு வார மெயில்தான் இருக்கிறது.

மின்னஞ்சல்பெட்டி:
வெப்மெயிலிலும் இல்லை என்றால் சர்வரிலேயே இல்லை என்று அர்த்தம். போனை விட்டுவிடுங்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். நீங்கள் போனிலிருந்து அனுப்பிய பழைய மெயில்கள் 'அனுப்பியவை'யில் அப்படியே இருக்கின்றனவா? இன்பாக்ஸிலிருந்து வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியவை தப்பித்திருக்கின்றனவா? இதே ஐடியை அலுவலகத்தில் வேறு ஏதாவது கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார்களா?

கரூர்த்தறி:
அனுப்பியவை எல்லாம் இருக்கின்றன. 'வங்கி' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன், அதிலும் ஒன்றும் போகவில்லை. கணக்கு பார்க்கும் அண்ணாவின் கம்ப்யூட்டரில் இந்த ஐடி இருக்கிறது. புது பாஸ்வேர்டை அவரும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆனால் அவர் எதையும் அழிப்பதில்லை என்கிறார்.

மின்னஞ்சல்பெட்டி:
அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். யாரும் உள்ளே புகவில்லை, பயப்படாதீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் அக்கவுண்ட் 'பாப்' (POP) முறையில் போடப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். பாப்-இன் முதல் வடிவம் 1984இல் வந்தது. சர்வரோடு சிறிது நேரம் இணைந்து, வந்த மெயிலை இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டிக்கும் காலத்துக்கான ஏற்பாடு அது. அதற்கு இன்பாக்ஸ் ஒன்றுதான் தெரியும். அதனால்தான் 'அனுப்பியவை'யும் 'வங்கி'யும் தப்பித்தன. இறக்கியதைச் சர்வரில் எவ்வளவு நாள் விட்டுவைப்பது என்று அதில் ஒரு இடம் இருக்கும். சில சாஃப்ட்வேர்களில் '14 நாளுக்குப் பிறகு சர்வரிலிருந்து நீக்கு' என்பது நாம் தொடாமலேயே டிக் ஆகியிருக்கும். உங்கள் இரண்டு வாரக் கணக்கு அதோடு அப்படியே பொருந்துகிறது. உங்கள் போன் 'ஐமேப்' (IMAP) முறையில் இருக்க வேண்டும், அது சர்வரில் இருப்பதை அப்படியே காட்டும். சர்வரில் போனது போனிலும் போய்விடும்.

நல்ல செய்தி: இன்பாக்ஸிலிருந்து போன மெயில்கள் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும். இப்போதே போய் அளவுப் பட்டியலைத் தேடிப் பாருங்கள். அப்புறம் முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அக்கவுண்ட்டை மட்டும் இப்போதைக்கு நீக்கவே நீக்காதீர்கள். பாப் அக்கவுண்ட்டை நீக்கினால் கம்ப்யூட்டரில் இருக்கும் மெயில்களும் கூடவே போய்விட வாய்ப்பு உண்டு, அவற்றுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை.

கரூர்த்தறி:
இருக்கிறது! பட்டியல் கிடைத்துவிட்டது. செட்டிங்கில் நீங்கள் சொன்ன அதே 14 நாள்தான். டிக்கை எடுத்துவிட்டோம். மிக்க நன்றி அண்ணா. அங்கே 2019 முதல் எல்லா மெயிலும் இருக்கிறது. இதை எல்லாம் திரும்ப வெப்மெயிலுக்குக் கொண்டுவர முடியுமா?

மின்னஞ்சல்பெட்டி:
முடியும், அவசரப்படாமல் செய்தால். முதலில் அந்த சாஃப்ட்வேரின் மெயில் கோப்பை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். பாப் அக்கவுண்ட்டை அப்படியே ஐமேப்பாக மாற்ற முடியாது. அதே ஐடியை ஐமேப் முறையில் இன்னொரு அக்கவுண்ட்டாகப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது போர்ட் எண் கேட்டால் ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587. பாப் பக்கத்தில் தானாக மெயில் இறக்குவதை நிறுத்திவிடுங்கள். பிறகு ஐமேப் பக்கத்தில் 'பழையவை 2019', 'பழையவை 2020' என்று ஃபோல்டர்கள் உருவாக்கி, பாப் பக்கத்திலிருந்து மெயில்களைத் தேர்ந்து அவற்றுக்குள் காப்பி செய்யுங்கள். 'நகர்த்து' வேண்டாம், 'காப்பி'தான். பாதியில் நெட் போனாலும் மூலம் கையில் இருக்கும். இன்பாக்ஸுக்குள் போடாதீர்கள். யாராவது மறுபடி பாப்பை இயக்கிவிட்டால் அது கண்ணில் படுவது இன்பாக்ஸ் மட்டும்தான், தனி ஃபோல்டரில் இருப்பதை அது தொடாது.

கணக்கு பார்க்கும் அண்ணாவின் 'அனுப்பியவை'யையும் மறக்காதீர்கள். பாப் முறையில் அனுப்பிய மெயில் சர்வருக்குத் திரும்பப் போவதே இல்லை. இத்தனை வருடம் அவர் பயருக்கு எழுதிய பதில்கள் எல்லாம் அந்த ஒரு ஹார்டு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய ஆபத்து.

தென்றல்72:
ஏற்றும் முன் வெப்மெயிலில் கோட்டா, அதாவது பெட்டிக்கு ஒதுக்கிய இடம், எவ்வளவு என்று பாருங்கள். டிசைன் படங்கள் இணைத்த மெயில்கள் இடத்தை விழுங்கும். பெட்டி நிரம்பினால் புது மெயில் வராமல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும், பயருக்கு அது நல்லதாகத் தெரியாது.

கரூர்த்தறி:
கோட்டாவைக் கூட்டச் சொல்லி வாங்கிவிட்டோம். 2022 வரை ஏற்றியாயிற்று, போனிலும் தெரிகிறது. ஒரே ஒரு சந்தேகம். கணக்கு பார்க்கும் அண்ணா இனி ஐமேப்பில் பார்த்து முடித்த மெயிலை அவர் பக்கம் அழித்தால் என் போனில் இருக்குமா?

மின்னஞ்சல்பெட்டி:
இருக்காது. ஐமேப்பில் எல்லோரும் பார்ப்பது ஒரே பெட்டி. இதை அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அழிப்பதற்குப் பதிலாக 'முடிந்தவை' என்று ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தச் சொல்லுங்கள், இருவருக்கும் தெரியும். தவறி அழித்தாலும் சர்வரின் குப்பையில் கொஞ்ச நாள் இருக்கும், எத்தனை நாள் என்று சர்வரை நடத்தும் ஹோஸ்டிங்காரரிடம் கேட்டு வையுங்கள். மிச்ச வருடங்களையும் ஏற்றி, ஒவ்வொரு ஃபோல்டரிலும் எண்ணிக்கையை வெப்மெயிலோடு ஒப்பிட்ட பிறகு பாப் அக்கவுண்ட்டை எடுத்துவிடலாம். பென்டிரைவ் காப்பி இருக்கட்டும்.