மாத்திரை வீடு தேடி வந்தால் போதுமா?

வெண்ணாற்றங்கரை:
சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்க, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம்தான். ஆனால் ஆயுசுக்கும் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தால் அரசு தாங்குமா? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி, வரும் நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. பணத்தை இந்த இரண்டாவது கூட்டத்துக்குப் போடுங்கள். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு இவர்களைப் போன்றவர்களை 3 ஆண்டு கவனித்தது. சும்மா விட்டவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. நடை, சாப்பாடு பற்றித் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் 39 பேருக்குத்தான்.

தாமரைக்குளம்:
நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை அரசு மொத்தமாக வாங்குகிறது, விலை சொற்பம். செலவு வைப்பது மாத்திரையை நிறுத்தியவர்கள்தான். ஒரு கொத்தனார் காலில் துணி சுற்றி வந்தார். செருப்பைத் துளைத்து ஆணி ஏறி ஒரு வாரம் ஆகியிருந்தது. சர்க்கரையால் உணர்ச்சி செத்த கால், அவருக்குத் தெரியவே இல்லை. முதலில் விரல், அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. வாரக்கணக்கில் படுக்கை, ஊசி, தினமும் கட்டு. அந்தச் செலவில் எத்தனை பேருக்கு வருஷம் முழுக்க மாத்திரை கொடுத்திருக்கலாம்!

வெண்ணாற்றங்கரை:
சரி சிஸ்டர், மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அது மட்டும் போதாது என்கிறேன். என் அம்மாவுக்குச் சில வருடமாக மாத்திரை வருகிறது. விரலில் குத்தி சுகர் பார்ப்பதோடு சரி. கண்ணையும் காலையும் ஒருவரும் பார்த்ததில்லை.

மேட்டுத்தெரு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்குச் சர்க்கரையால் கிட்னி போய் வாரம் மூன்று டயாலிசிஸ். முதல்வர் காப்பீட்டில் காசு வாங்குவதில்லை. ஆனால் போக வர ஆட்டோவுக்கு நாங்கள்தான் கொடுக்கிறோம். ஒருமுறை உட்கார்ந்தால் நான்கு மணி நேரம். கூடப் போகிற எனக்கு வாரத்தில் மூன்று நாள் கூலி இல்லை. அரசு பட்ஜெட்டை மட்டும் வைத்துப் பேசினால் இதெல்லாம் எங்கே வரும்?

தாமரைக்குளம்:
தம்பி, அப்பாவுக்குச் சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று முன்பு எப்போதாவது பார்த்தார்களா?

மேட்டுத்தெரு:
இல்லை சிஸ்டர். கால் வீங்கின பிறகுதான் தெரிந்தது.

தாமரைக்குளம்:
வருஷம் ஒரு தடவை பார்த்திருந்தால் டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப் போட்டிருக்கலாம். வெண்ணாற்றங்கரை, இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மாத்திரைக் காசில் கை வைக்காதீர்கள். சோடா, கோலா பானங்களுக்கு 40 சதவீதம் வரி இருக்கிறது. அதில் ஒரு பங்கைச் சிறுநீர், கண், பாதம் பார்க்கும் சோதனைக்கு ஒதுக்கட்டும்.

வெண்ணாற்றங்கரை:
அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த 13.6 கோடிப் பேருக்கு யார் போய்ச் சொல்வது? அதற்கும் ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். அந்தக் கேள்வியை நான் விடப்போவதில்லை.