பயஸ் என்ற சொல்லுக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

வெள்ளவத்தை, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் தேவைப்படுகிறது.

உயர்தர வகுப்பு மாணவர்களுக்கான சிறு கைநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பதினாறு பக்கம். செயற்கை நுண்ணறிவு ஆட்களை எடைபோடும்போது யாருக்கு அநியாயம் நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதுதான் விஷயம். வெள்ளி காலை பத்து மணிக்கு அச்சகத்துக்குப் போகவேண்டும். சிங்களப் பிரதி போன கிழமையே முடிந்துவிட்டது. நான் மட்டும் பயஸ் (bias) என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன்.

கைநூலில் அந்தச் சொல் மூன்று வேலை பார்க்கிறது. தொடக்கத்தில் அது நரம்பு வலையமைப்பில், அதாவது தரவிலிருந்து கற்கும் கணினி நிரலில், உள்ளீட்டை நிறை என்ற எண்ணால் பெருக்கிய பிறகு கூட்டுகிற மாறிலி. அதில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. பிறகு புள்ளிவிபரவியலுக்கு வருகிறது: ஒரு மதிப்பீடு உண்மைப் பெறுமானத்தை விட்டு எப்போதும் ஒரே பக்கமாகத் தவறுவது. அதற்குப் பிறகுதான் மனிதர்களுக்கு நடப்பது. 2018இல் ஆய்வாளர்கள் ஜோய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. இதை நம் பிள்ளைகள் படிக்கும்போது அந்த 34.7இல் தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இப்போதைக்குச் 'சார்பு' என்று போட்டு வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

கொட்டாஞ்சேனை, திங்கள் நள்ளிரவு

அக்கா, சார்பு வேண்டவே வேண்டாம். இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளைக்குச் சார்பு என்றால் ஃபங்ஷன் (function). நரம்பு வலையமைப்பே ஒரு பெரிய சார்புதான். 'இந்தச் சார்பில் சார்பு இருக்கிறது' என்று எழுத முடியுமா?

வேலையிடத்தில் நாங்கள் பயஸ் என்றுதான் சொல்கிறோம். தமிழ் எழுத்தில் அப்படியே போட்டு, முதல் பக்கத்தில் விளக்கினால் என்ன? பேருந்தும் தொலைபேசியும் வந்த பிறகும் பஸ்ஸும் போனும் போகவில்லைதானே.

தெஹிவளை, செவ்வாய் காலை

பிள்ளை, சொல் நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் சொல்கிறேன். இருவாயியை, அதாவது டயோட்டை, மின்கலத்தோடு இணைத்தால் முன்முகக் கோடல், திருப்பி இணைத்தால் பின்முகக் கோடல். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் முன்னோக்குச் சார்பு என்று இருக்கும். நம்முடையது கோடல். கோடுதல் என்றால் வளைதல்.

ஆங்கிலச் சொல்லின் வேரும் அதேதான். சாய்வாக, குறுக்காக என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. புல்வெளியில் பந்து உருட்டும் விளையாட்டில், நேரே விட்டாலும் வளைந்து போகும்படி பந்தைச் செய்திருப்பார்கள். அந்த வளைவுக்குப் பெயர் பயஸ். உருட்டுகிறவன் கையில் குற்றமில்லை, பந்துக்குள் இருக்கிறது. உங்கள் மூன்று பொருளுக்கும் இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. கோடல் என்றே போடுங்கள்.

பம்பலப்பிட்டி, செவ்வாய் மதியம்

அன்பர்களே, கோடல் என்ற சொல்லைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் கோடல் வருகிறது. அது வெண்காந்தள். நன்னூலில் 'கோடன் மரபு' என்றால் மாணவன் பாடம் கேட்டுக்கொள்ளும் முறை. அங்கே கொள் என்ற வினை முதல் நீண்டு கோடல் ஆயிற்று. பௌதிக ஆசிரியர் சொல்லும் கோடலுக்கு வேர் கோடு, அதாவது வளை. வேர் இரண்டு, உருவம் ஒன்று. இயந்திரம் தரவைக் கொள்வதும் கோடல், கொண்ட தரவினால் வளைவதும் கோடல் என்றால் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! கொடுங்கோலின் கொடுமையும் வளைவுதான். கோணல், கூனல், குனிதல் எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

ஆனால் நான் சொல்லவந்த சொல் வேறு. நடுவு நிலைமை அதிகாரம். 118ஆம் குறளில் துலாக்கோல்: 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி.' அடுத்ததே 119: 'சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்.' சொல்லில் வளைவு இல்லாமை செப்பம், உள்ளே வளைவு இல்லை என்பது உறுதியானால். வெளியே வரும் விடையில் தெரிவது சொற்கோட்டம். தரவிலும் நிறைகளிலும் ஒளிந்திருப்பது உட்கோட்டம். பயஸுக்கு உட்கோட்டம், நீங்கள் அடுத்துக் கேட்கப்போகும் ஃபெயார்னஸுக்குச் (fairness) செப்பம். வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் தந்துவிட்டார்.

கொழும்பு 13, செவ்வாய் இரவு

ஐயா, மன்னிக்க வேண்டும். நான் ஹட்டன் பக்கம் பிறந்து இங்கே படிப்பிக்க வந்தவள். கோட்டம் என்று கரும்பலகையில் எழுதினால் என் பிள்ளைகளுக்கு நினைவு வருவது கோட்டக் கல்விக் காரியாலயம். உட்கோட்டம் என்றால் அதற்குக் கீழே இன்னொரு காரியாலயம் திறந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு விஷயம் சொல்கிறேன். என் தங்கச்சி மகன் மோட்டார் சைக்கிள் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் கடன் கேட்டான். சம்பளப் பத்திரம் இருந்தது, பிணைக்கு ஆளும் இருந்தது. கணினியைப் பார்த்துவிட்டு 'சிஸ்டம் எடுக்குதில்லை' என்றார்கள். காரணம் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு உத்தியோகத்தர் இரகசியமாகச் சொன்னார்: அந்த முகவரியில் ஏற்கெனவே கடன் கட்டாதவர்கள் இருக்கிறார்களாம். தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏது தனி முகவரி? தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அவ்வளவுதான். நூறு குடும்பத்துக்கு ஒரே முகவரி. எவரோ கட்டாத கடன் இவன் தலையில் விழுந்தது. 1948இல் மலையகத் தமிழருக்குக் குடியுரிமையே இல்லை என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொரு படிவத்திலும் ஏதாவது ஒரு கட்டத்தில் விழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

இதற்குப் பெயர் பாரபட்சம். என் தங்கச்சிக்கு அகராதி இல்லாமல் விளங்குகிற சொல் அது.

பம்பலப்பிட்டி, செவ்வாய் இரவு

பிள்ளையின் வேதனை விளங்குகிறது. ஆனால் பாரபட்சம் வடசொல். பட்சம் என்றால் சிறகு, பக்கம். பட்சபாதம் என்றால் ஒரு பக்கம் விழுதல். நமக்குக் கோட்டமும் ஓரமும் பக்கமும் இருக்கும்போது ஏன் கடன் வாங்கவேண்டும்?

கொழும்பு 13, செவ்வாய் இரவு

எங்கள் வாயில் அது பல தலைமுறையாகத் தமிழ், ஐயா.

கொட்டாஞ்சேனை, புதன் அதிகாலை

டீச்சர், உங்கள் தங்கச்சி மகனின் கதையைப் படித்துவிட்டு நேரம் கழித்துத்தான் படுத்தேன். ஆனாலும் பாரபட்சத்தில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. தமிழில் பாரபட்சத்தைக் 'காட்டுவார்கள்'. காட்ட ஒரு ஆள் வேண்டும், மனதில் ஒரு எண்ணம் வேண்டும். இயந்திரத்துக்கு அது இல்லை.

2019இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவில் எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று ஒரு நிரல் புள்ளி போட்டது. அது இனத்தைப் பார்க்கவே இல்லை. வருங்கால மருத்துவச் செலவைத்தான் கணித்தது. அதே அளவு நோயுள்ள கறுப்பின மக்களுக்கு அங்கே குறைவாகவே செலவாகியிருந்தது, ஏனென்றால் அவர்களுக்குச் சிகிச்சை கிடைப்பதே குறைவு. நிரல் அதை 'இவர்களுக்கு நோய் குறைவு' என்று எடுத்துக்கொண்டது. பிழையைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புப் பெறுவோரில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று காட்டினார்கள். நிரலை எழுதியவர்கள் யாரையும் வெறுத்திருக்கத் தேவையில்லை. செலவை நோய்க்கு அளவுகோலாக எடுத்ததுதான் முழுப் பிழையும். பாரபட்சம் என்று சொன்னால் பிள்ளைகள் கெட்ட மனிதனைத் தேடுவார்கள், அளவுகோலைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று. 'மருத்துவர் வந்தார், தாதி வந்தார்' என்ற இரண்டு வசனத்தை ஒரு மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டேன். நம் 'வந்தார்' ஆணையும் பெண்ணையும் பிரிக்காது. கருவி மருத்துவரை ஆணாக்கியது, தாதியைப் பெண்ணாக்கியது. நம் இலக்கணம் கேட்காத கேள்விக்கு அதுவாகவே விடை எழுதுகிறது.

மாளிகாவத்தை, புதன் காலை

நான் சட்டத்தரணி. இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இலங்கை அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரையைத் தமிழில் யாராவது பார்த்தீர்களா? அங்கே உள்ள சொல் ஓரங்காட்டுதல். இனம், மதம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் எதைக் கொண்டும் ஓரங்காட்டக் கூடாது. ஔவையாரின் ஆத்திசூடி முடிவதே 'ஓரம் சொல்லேல்' என்றுதான். நடுவில் நிற்பது நடுவுநிலைமை என்றால் ஓரத்தில் போய் நிற்பது ஓரம். வடசொல் வேண்டாம் என்கிற ஐயாவுக்கும் சரி, விளங்கவேண்டும் என்கிற டீச்சருக்கும் சரி. ஓரவஞ்சனை என்று வீட்டில் சொல்லாத தாய் யார்?

கொட்டாஞ்சேனைத் தம்பி சொல்கிற 'எண்ணம்' எனக்குச் சரியாகப் படவில்லை. பாதிக்கப்பட்டவன் இயந்திரத்தின் நெஞ்சைப் பிளந்து காட்டவேண்டும் என்றால் அவனுக்கு ஒருநாளும் நியாயம் கிடைக்காது. அவனுக்கு நடந்ததைப் பார்க்கவேண்டும்.

அதற்காக அளவு சுலபம் என்றும் சொல்லவில்லை. புளோரிடாவின் ப்ரோவர்ட் மாவட்டத்தில், கைதானவர் திரும்பவும் குற்றம் செய்வாரா என்று புள்ளி போடும் மென்பொருளை 2016இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. பிறகு குற்றமே செய்யாதவர்களில், அபாயமானவர் என்று தவறாக முத்திரை விழுந்தது கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம், வெள்ளையரில் 23.5. மென்பொருளைச் செய்த நிறுவனம் மறுத்தது: ஒரே புள்ளி பெற்றவர்கள் எந்த இனமானாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மீண்டும் கைதாகிறார்கள் என்றது. இரண்டு பக்கக் கணக்கும் சரி. இரண்டு குழுக்களிலும் மீண்டும் கைதாவோரின் அடிப்படை வீதம் வேறுபட்டால், இரண்டு விதச் சமத்துவத்தையும் ஒன்றாகக் கொடுக்க முடியாது என்று பிறகு கணிதமாகவே நிறுவினார்கள். அப்படியானால் எது ஓரம் என்று தீர்மானிப்பது கணினியின் வேலை இல்லை, நம் வேலை. கைநூலில் இதை விட்டுவிடாதீர்கள்.

சொல்லைப் பொறுத்தவரை, பத்திரிகைகள் எழுதுகிற பக்கச்சார்பு என்றாலும் எனக்குச் சம்மதம். 'பக்கச்சார்பற்ற விசாரணை' என்று தினமும் பார்க்கிறோம்.

தெஹிவளை, புதன் மாலை

வேறு ஒரு சொல்லைப் பற்றி. பிள்ளை அனுப்பிய மாதிரிப் பக்கத்தில், தரவுகளை ஒரே அளவுக்குக் கொண்டுவருவதற்குத் 'தரப்படுத்தல்' என்று இருக்கிறது. தயவுசெய்து மாற்றுங்கள்.

1971இல் மருத்துவ பீடத்துக்குப் போகத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளி, சிங்கள மொழிமூல மாணவருக்கு 229. அதற்கு அவர்கள் வைத்த பெயர் தரப்படுத்தல். என் மேசைக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன் அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் நின்றுபோனான். அவன் வாழ்க்கை அந்த 21 புள்ளிக்குள் முடிந்தது. இந்தக் கைநூல் வேறு எதைப் பற்றியாவது இருந்தால் பொறுத்துக்கொள்வேன். எண்ணைத் திருத்தி ஆளை ஒதுக்குவதைப் பற்றிய புத்தகத்தில், அந்தச் சொல்லை ஒரு நல்ல வேலைக்குப் பெயராக வைக்க முடியாது. நியம விலகல் என்கிறோமே, அந்த நியமத்தை எடுத்து நியமமாக்கல் என்று போடுங்கள்.

பம்பலப்பிட்டி, புதன் இரவு

இதில் நான் வாதாட வரவில்லை. நியமமாக்கல் நன்று.

வெள்ளவத்தை, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. இனி என்னிடம் நேரம் இல்லை. முடித்த விதம் இது.

தரப்படுத்தல் எல்லா இடத்திலும் போய்விட்டது, நியமமாக்கல் வந்துவிட்டது. மாறிலிக்கும் புள்ளிவிபரவியல் பொருளுக்கும் கோடல். பிள்ளைகளுக்குப் பௌதிகவியலில் பழகிய சொல், நல்லது கெட்டது என்ற நிறமும் இல்லை. மனிதர்களுக்கு நடப்பதற்கும் தலைப்புக்கும் பக்கச்சார்பு. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் அதை ஏற்றவர்கள்தான் கூட. விரும்பி ஏற்றவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். உள்ளே சார்பு ஒளிந்திருக்கிறது என்று தம்பி இன்னும் சொல்கிறார். முன்னால் 'பக்கம்' நிற்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ஓரங்காட்டுதலைச் சட்டம் பேசும் பத்தியில் அப்படியே வைத்திருக்கிறேன். ஐயா, உட்கோட்டம் தலைப்பில் இல்லை, ஆனால் 119ஆம் குறள் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பம்பலப்பிட்டி, வியாழன் இரவு

போதும். பக்கச்சார்பு என்பதில் ச் மிகும். அச்சில் விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து உட்கோட்டத்தை யாராவது தேடி எடுப்பார்கள்.

கொழும்பு 13, வியாழன் நள்ளிரவு

அக்கா, அச்சில் பக்கச்சார்பு போகட்டும். நான் வகுப்பில் பாரபட்சம் என்றுதான் சொல்லிக்கொடுப்பேன், அதைச் சொல்லிவிடுகிறேன். பக்கச்சார்பு என்பது விசாரணைக் குழுவின் சொல். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லப்போகிற சொல் அது இல்லை.

தம்பி சொன்ன அந்த அமெரிக்க ஆஸ்பத்திரி உதாரணம் பதினோராம் பக்கத்தில் வருகிறது என்று நினைக்கிறேன். அதற்குக் கீழே நான்கு வரி இடம் இருக்குமா? லயத்து முகவரியை அங்கே எழுதலாம். நிறுவனத்தின் பெயரும் வேண்டாம், பையனின் பெயரும் வேண்டாம். இடம் இருந்தால் காலை ஏழு மணிக்கு முன் எழுதி அனுப்புகிறேன்.